பழைய மூக்குக்கண்ணாடி இன்னொருவர் கண்ணுக்குப் பொருந்துவது எப்படி?

கண்ணாடி அணிபவர்கள் பலருக்குச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பவர் மாறுகிறது. புதிய கண்ணாடி வந்ததும் பழையது மேசை இழுப்பறைக்குள் போய்விடுகிறது. அதன் பிரேம் உறுதியாகவே இருக்கும், லென்ஸிலும் பெரிய கீறல் இருக்காது, குப்பையில் போடவும் மனம் வராது. இப்படி ஒதுங்கிக் கிடக்கும் கண்ணாடிகளைத் திரட்டி, கழுவி, பவரை அளந்து, கண்ணாடி வாங்க வசதியில்லாதவர்களுக்குப் பொருத்திக் கொடுக்கும் பணியைக் கண்ணாடித் தொழிலில் இருக்கும் பலர் பல பத்தாண்டுகளாக ஊதியம் பெறாமல் செய்து வருகிறார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது பழைய துணியைத் தானம் செய்வதைப் போன்ற எளிய காரியமாகத் தோன்றலாம். சட்டை சற்றுத் தளர்வாக இருந்தாலும் உடுத்திக்கொள்ள முடியும். பவர் பொருந்தாத கண்ணாடியோ தலைவலியையும் மங்கலையும் தவிர வேறெதையும் தராது. ஆகவே இந்தப் பணியின் கனம் முழுவதும் அளப்பதிலும் பொருத்துவதிலும்தான் இருக்கிறது. அது எப்படி நடக்கிறது, எங்கே பயன் தருகிறது, எங்கே தருவதில்லை என்பதைப் புதிதாக அறிய விரும்புபவர்களுக்காக இங்கே விளக்க முயல்கிறேன்.

தேவையின் அளவு

உலக சுகாதார அமைப்பு 2019 ஆம் ஆண்டில் பார்வை குறித்து வெளியிட்ட உலக அறிக்கை, குறைந்தது 220 கோடிப் பேருக்குக் கிட்டத்திலோ தூரத்திலோ பார்வைக் குறைபாடு இருப்பதாகவும், அவர்களில் குறைந்தது 100 கோடிப் பேரின் குறைபாடு தடுத்திருக்கக் கூடியது அல்லது இன்னமும் கவனிக்கப்படாதது என்றும் கூறுகிறது. அந்த 100 கோடியில் மிகப் பெரிய பங்கு, ஏறத்தாழ 82.6 கோடி, வெள்ளெழுத்து என்று நாம் சொல்லும் கிட்டத்துப் பார்வைக் குறைவுக்குக் கண்ணாடி கிடைக்காதவர்களுடையது. நாற்பது வயதைத் தாண்டிய எவருக்கும் வரக்கூடிய இந்தக் குறைக்கு அறுவை சிகிச்சையோ மருந்தோ தேவையில்லை. மிக எளிய ஒரு ஜோடி லென்ஸ் போதும். அது கிடைக்காமல் இத்தனை கோடிப் பேர் ஊசியில் நூல் கோக்கவும், அரிசியில் கல் பொறுக்கவும், மருந்துச் சீட்டைப் படிக்கவும் பிறரை நம்பியிருக்கிறார்கள் என்பது என்னை எப்போதும் வருத்தும் செய்தி.

கண்ணாடி ஒருவரின் வருமானத்தையே மாற்றும் என்பதும் வெறும் ஊகம் அல்ல. அசாமின் தேயிலைத் தோட்டங்களில் நாற்பது வயதைக் கடந்த 751 தொழிலாளர்களிடம் நடத்தப்பட்டு 2018 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், கிட்டத்துப் பார்வைக்குக் கண்ணாடி பெற்றவர்களின் கொழுந்து பறிக்கும் திறன், பெறாதவர்களோடு ஒப்பிடும்போது ஏறத்தாழ 22 விழுக்காடு கூடுதலாக உயர்ந்தது. வங்கதேசத்தின் கிராமப்புறங்களில் நடந்து 2024 ஆம் ஆண்டில் வெளியான இன்னொரு ஆய்வில், கண்ணாடி பெற்றவர்களின் மாத வருமானம் மற்றவர்களுடையதை விட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அதிகமாக இருந்தது. இவ்விரு ஆய்வுகளிலும் கொடுக்கப்பட்டவை புதிய கண்ணாடிகள் என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். அதன் முக்கியத்துவம் பின்னால் தெரியவரும்.

லென்ஸ் என்ன செய்கிறது?

கண்ணுக்குள் நுழையும் ஒளியைக் கருவிழிப் படலமும் உள்ளிருக்கும் லென்ஸும் வளைத்து, பின்புறத்திலுள்ள விழித்திரையில் ஒரு புள்ளியில் குவிக்கின்றன. கண்கோளம் சற்று நீண்டிருந்தால் ஒளி விழித்திரைக்கு முன்னாலேயே குவிந்துவிடுகிறது. தூரத்தில் உள்ளவை மங்கும் இந்தக் கிட்டப்பார்வைக்கு, ஒளியை விரிக்கும் மைனஸ் லென்ஸ் தேவை. கண்கோளம் குட்டையாக இருந்தால் குவியும் இடம் விழித்திரைக்குப் பின்னால் போகிறது. அதற்கு ஒளியைக் குவிக்கும் பிளஸ் லென்ஸ் தேவை. கருவிழிப் படலம் எல்லாத் திசையிலும் ஒரே வளைவாக இல்லாமல் ஒரு திசையில் கூடுதலாகவும் அதற்குக் குறுக்கே குறைவாகவும் வளைந்திருந்தால், கோடுகள் ஒரு வாக்கில் தெளிவாகவும் மறு வாக்கில் கலங்கலாகவும் தெரியும். இதைச் சரிசெய்யும் பகுதியைத்தான் கண்ணாடிக் கடையில் சிலிண்டர் பவர் என்கிறார்கள். வெள்ளெழுத்து இவற்றிலிருந்து வேறுபட்டது. வயது ஏற ஏறக் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் நெகிழ்வை இழப்பதால் அருகில் உள்ளவற்றின் மீது பார்வையைக் குவிக்க முடியாமல் போகிறது. அதற்குப் பிளஸ் பவர் உதவுகிறது.

பவரை அளக்கும் அலகு டயாப்டர். ஒரு மீட்டர் தூரத்தில் ஒளியைக் குவிக்கும் லென்ஸின் பவர் 1 டயாப்டர். அரை மீட்டரில் குவித்தால் 2 டயாப்டர். கால் மீட்டரில் குவித்தால் 4 டயாப்டர். பொதுவாகப் பவர்கள் 0.25 என்ற படிகளில் ஏறி இறங்குகின்றன. சீட்டில் ஒரு கண்ணுக்கு “மைனஸ் 2.25, சிலிண்டர் மைனஸ் 0.75, அச்சு 90” என்று எழுதியிருந்தால், முதல் எண் அடிப்படைப் பவர், இரண்டாவது எண் சிலிண்டர் பவர், மூன்றாவது அந்தச் சிலிண்டர் எந்தக் கோணத்தில் வைக்கப்பட வேண்டும் என்பது. இரு கண்ணுக்கும் சேர்த்து ஆறு எண்கள் ஆகின்றன. பைஃபோகல் கண்ணாடி என்றால் படிப்பதற்கான கூடுதல் பவரும் சேரும். இவற்றோடு இரு கண்மணிகளுக்கும் இடையே உள்ள தூரமும் தேவைப்படுகிறது.

இந்தக் கடைசி அளவைப் பலர் பொருட்படுத்துவதில்லை. ஆனால் பழைய கண்ணாடி விஷயத்தில் அதுதான் அதிகம் ஏமாற்றும். ஒவ்வொரு லென்ஸுக்கும் ஒளி வளையாமல் நேராகச் செல்லும் ஒரு மையம் உண்டு. அந்த மையம் கண்மணிக்கு நேரே இல்லாமல் விலகினால் லென்ஸ் ஒரு பட்டகத்தைப் (ப்ரிஸம்) போல நடந்துகொண்டு பிம்பத்தை ஒருபுறமாகத் தள்ளிவிடும். எவ்வளவு தள்ளும் என்பதற்குச் சுலபமான கணக்கு இருக்கிறது: விலகலைச் சென்டிமீட்டரில் எடுத்துப் பவரால் பெருக்க வேண்டும். 4 டயாப்டர் லென்ஸில் மையம் அரைச் சென்டிமீட்டர் விலகினால் 2 பட்டக டயாப்டர் அளவுக்கு, அதாவது ஒரு மீட்டர் தூரத்தில் 2 சென்டிமீட்டர், பிம்பம் இடம் மாறுகிறது. இரு கண்ணிலும் இது சேர்ந்துகொண்டால், கண்களைத் திருப்பும் தசைகள் ஓயாமல் இழுபட்டு, சில மணி நேரத்தில் வலியும் சோர்வும் வரும். 1 டயாப்டர் லென்ஸில் அதே விலகல் அரைப் பட்டக டயாப்டர்தான் என்பதால் பெரும்பாலும் தெரியவே தெரியாது. பவர் குறைவான பழைய கண்ணாடியை இன்னொருவருக்குக் கொடுப்பது எளிதாகவும், பவர் கூடிய கண்ணாடியைக் கொடுப்பது கடினமாகவும் இருப்பதற்கு இதுவே காரணம்.

பெட்டியிலிருந்து மேசை வரை

கண்ணாடி சேகரிப்பின் வரலாற்றைச் சொல்லும்போது லயன்ஸ் சங்கங்களை விட்டுவிட முடியாது. 1917 இல் அமெரிக்காவில் தொடங்கிய இந்த அமைப்பின் மாநாடு 1925 ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஒஹாயோ மாநிலத்தின் சீடர் பாயிண்டில் நடந்தபோது, ஹெலன் கெல்லர் அங்கே பேசி, பார்வையற்றோருக்காகப் பாடுபட வேண்டும் என்று உறுப்பினர்களைக் கேட்டுக்கொண்டார். அதிலிருந்து பார்வைப் பணி அவர்களின் முதன்மைப் பணிகளில் ஒன்றாயிற்று. இன்று பல நாடுகளில் கடைகளிலும் நூலகங்களிலும் வைக்கப்படும் அவர்களின் பெட்டிகளில் விழும் கண்ணாடிகள் மறுபயன்பாட்டு மையங்களுக்குப் போகின்றன. நியூ ஜெர்சியில் 1932 இல் தொடங்கப்பட்ட நியூ ஐஸ் ஃபார் தி நீடி என்ற அமைப்பும், 1970களில் கான்சாஸ் மாநிலத்து ஆப்டோமெட்ரிஸ்டுகள் உருவாக்கிய வோஷ் என்ற தன்னார்வ அமைப்பும் இதே துறையில் நெடுங்காலமாக இயங்குபவை.

இங்கே ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. கண் நோய்களுக்கு மருத்துவமும் அறுவை சிகிச்சையும் செய்பவர் கண் மருத்துவர். பார்வையைச் சோதித்து எவ்வளவு பவர் தேவை என்று கணிப்பவர் ஆப்டோமெட்ரிஸ்ட். அந்தச் சீட்டின்படி லென்ஸைத் தேர்ந்து, பிரேமுக்குள் பொருத்தி, முகத்தில் சரியாக அமரும்படி வளைத்துக் கொடுப்பவர் ஆப்டீசியன். நாட்டுக்கு நாடு இந்த எல்லைகள் சற்று மாறும். பழைய கண்ணாடிப் பணியில் பெரும்பகுதி மூன்றாமவரின் கைத்திறனைச் சார்ந்தது.

மையத்துக்கு வரும் கண்ணாடிகளில் முதல் சலிப்பிலேயே பல கழிந்துவிடும். லென்ஸின் நடுவே ஆழமான கீறல் உள்ளவை, பூச்சு உரிந்தவை, பிரேம் உடைந்தவை, ஒரு லென்ஸ் மட்டும் எஞ்சியவை எல்லாம் ஒதுக்கப்படும். மீதமுள்ளவை வெதுவெதுப்பான நீரிலும் மென்மையான சோப்பிலும் கழுவப்படுகின்றன. நகப்பூச்சை அகற்றப் பயன்படும் அசிட்டோன் போன்ற திரவங்கள் பாலிகார்பனேட் லென்ஸையும் பிளாஸ்டிக் பிரேமையும் அரித்துவிடும் என்பதால் அவற்றைத் தொடக் கூடாது. மூக்கின் மேல் பதியும் சிறு பட்டைகளில் அழுக்கு இறுகியிருந்தால் அவற்றைக் கழற்றிப் புதியவை போடுவார்கள். தளர்ந்த திருகுகளை முடுக்குவதும், கோணிய காதுக்கம்பிகளை நேராக்குவதும் அப்போதே நடக்கும்.

அடுத்து வருவது அளக்கும் வேலை. இதற்கு லென்சோமீட்டர் என்ற கருவி பயன்படுகிறது. லென்ஸின் பின்பக்கத்தை அதன் தாங்கியில் வைத்து, கண்வில்லை வழியே பார்த்தபடி ஒரு சக்கரத்தைத் திருப்பினால், மங்கலாகத் தெரிந்த ஒளிக்கோடுகள் ஒரு கட்டத்தில் கூர்மையாகும். அந்த இடத்தில் சக்கரம் காட்டும் எண்தான் பவர். லென்ஸில் சிலிண்டர் இருந்தால் ஒரு திசைக் கோடுகளும் அவற்றுக்குக் குறுக்கான கோடுகளும் ஒரே சமயத்தில் கூர்மையாவதில்லை. இரண்டையும் தனித்தனியே கூர்மையாக்கி, இரு எண்களுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சிலிண்டர் பவராகவும், கோடுகள் நிற்கும் கோணத்தை அச்சாகவும் குறித்துக்கொள்வார்கள். இப்போதுள்ள தானியங்கிக் கருவிகள் இந்த வேலையைச் சில விநாடிகளில் முடித்துவிடுகின்றன.

மின்சாரமும் கருவியும் இல்லாத இடத்தில்கூட அனுபவமுள்ள ஆப்டீசியன் ஒரு லென்ஸின் தன்மையைக் கையாலேயே அறிந்துவிடுவார். சுவரில் ஒரு சிலுவைக் கோட்டை வரைந்து, கண்ணாடியைக் கைநீட்டிப் பிடித்து அதன் வழியே பார்த்தபடி லேசாக அசைக்க வேண்டும். கோடு கை நகரும் திசையிலேயே நகர்ந்தால் அது மைனஸ் லென்ஸ். எதிர்த்திசையில் நகர்ந்தால் பிளஸ் லென்ஸ். லென்ஸைச் சுழற்றும்போது சிலுவையின் கைகள் கத்தரிக்கோல் போல ஒன்றையொன்று நெருங்கினால் சிலிண்டர் இருக்கிறது என்று பொருள். பிறகு, தெரிந்த பவருள்ள எதிர் லென்ஸ்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பிடித்து, அசைவு நின்றுவிடும் லென்ஸைக் கண்டுபிடித்தால், அதன் எண்ணுக்கு நேரெதிரானது நாம் தேடிய பவர். வீட்டில் கண்ணாடி வைத்திருக்கும் எவரும் இதன் முதல் பகுதியை இப்போதே செய்து பார்க்கலாம்.

அளந்து முடித்ததும் ஒவ்வொரு கண்ணாடியும் ஓர் எண்ணிட்ட உறைக்குள் போகிறது. அதன் பவர், அச்சு, கண்மணித் தூரம், ஆண் பெண் அல்லது சிறுவர் பிரேம் என்ற விவரம் யாவும் பட்டியலில் ஏறுகின்றன. பட்டியல் கணினியில் இருந்தால் நூற்றுக்கணக்கான உறைகளைக் கிளறாமல் நெருங்கிய ஐந்தாறு கண்ணாடிகளை ஒரே தேடலில் எடுத்துவிட முடியும்.

பொருத்தம் பார்ப்பது

முகாமுக்கு வருபவரிடம் நேராகக் கண்ணாடிக் குவியலைக் காட்டி “எது தெளிவாகத் தெரிகிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள்” என்று சொல்வது இந்தப் பணியை அவமதிப்பதாகும். முதலில் எழுத்துப் பலகையில் பார்வை அளக்கப்பட வேண்டும். 1862 இல் டச்சுக் கண் மருத்துவர் ஹெர்மன் ஸ்னெல்லன் வகுத்த பலகையின் வழியில்தான் இன்றும் 6/6, 6/12 என்ற கணக்குகள் சொல்லப்படுகின்றன. 6/12 என்றால், நல்ல பார்வையுள்ளவர் 12 மீட்டரிலிருந்து படிக்கக்கூடிய எழுத்தை இவர் 6 மீட்டர் தூரத்திலிருந்துதான் படிக்கிறார் என்று பொருள். எழுத்துப் பழக்கம் இல்லாதவர்களுக்கு, “E” போல ஒரு பக்கம் திறந்த வடிவங்கள் உண்டு; திறந்த பக்கம் எது என்று கையால் காட்டினால் போதும்.

பார்வை குறைவாக இருந்தால், நடுவில் ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய சிறு துளையிட்ட அட்டையைக் கண்ணுக்கு முன் வைத்து மறுபடி படிக்கச் சொல்வார்கள். துளை வழியே மெல்லிய ஒளிக்கற்றை மட்டும் நுழைவதால் குவியக் குறையின் பாதிப்பு வெகுவாகக் குறைந்துவிடும். துளை வழியே பார்வை தேறினால் கண்ணாடி உதவும். தேறாவிட்டால் கண்புரை, விழித்திரைப் பாதிப்பு, கண்ணின் அழுத்தம் கூடியதால் நரம்பு தேய்வது போன்ற வேறு காரணம் இருக்கலாம், அவர் கண் மருத்துவரிடம் போக வேண்டும். இவ்வளவு மலிவான ஓர் அட்டை, கண்ணாடி முகாமையும் நோய்க்கு வழிகாட்டும் முகாமையும் ஒன்றாக்கிவிடுகிறது என்பதால் அதைத் தவிர்ப்பதற்கு எந்தச் சாக்கும் இல்லை. துளை வழியே பார்வை தேறியவர்களுக்கும் கண்ணின் உட்புறச் சோதனை தேவைப்படலாம். கண் அழுத்த நோய் தொடக்கத்தில் எழுத்துப் பலகையில் அகப்படாது.

பவர் கணிக்கப்பட்டதும் இருப்பில் தேடத் தொடங்குவார்கள். இங்கேதான் கணிதம் குறுக்கே நிற்கிறது. அடிப்படைப் பவர் மைனஸ் 6 முதல் பிளஸ் 6 வரை என்று கொண்டால், 0.25 படிகளில் 49 வாய்ப்புகள். 2 டயாப்டர் வரையுள்ள சிலிண்டருக்கு 8 வாய்ப்புகள். பத்துப் பத்து பாகையாக அச்சு மாறினால் ஒவ்வொன்றுக்கும் 18 வாய்ப்புகள். சிலிண்டரே இல்லாத வாய்ப்பு ஒன்று. ஆக ஒரு கண்ணுக்கு மட்டும் 49 ஐ 145 ஆல் பெருக்க 7,105 வகை லென்ஸ்கள் வருகின்றன. இரு கண்ணுக்கும் சேர்த்துக் கணக்கிட்டால் அது 5 கோடியைத் தாண்டுகிறது. ஒருவரின் இரு கண்களும் பெரும்பாலும் ஒன்றுக்கொன்று நெருங்கிய பவரில் இருப்பதாலும், மிகப் பெரும்பாலோர் குறைந்த பவர்களிலேயே கூடியிருப்பதாலும் நடைமுறையில் நிலைமை இவ்வளவு மோசமில்லை. ஆயினும் சில ஆயிரம் கண்ணாடிகள் உள்ள இருப்பில் ஒருவருக்கு அச்சு அசலான ஜோடி அகப்படுவது அரிது என்பதை இந்த எண்ணே சொல்லிவிடும்.

எனவே நிபுணர் விட்டுக்கொடுக்கும் எல்லையைத் தீர்மானிக்கிறார். சிலிண்டர் மிகச் சிறியதாக இருந்தால் அதில் பாதியை அடிப்படைப் பவரோடு சேர்த்துச் சாதாரண லென்ஸாகக் கொடுக்கலாம்: மைனஸ் 1.50 உடன் சிலிண்டர் மைனஸ் 0.50 தேவைப்படுபவருக்கு, மைனஸ் 1.75 கண்ணாடி பெரும்பாலும் திருப்தி தரும். சிலிண்டர் 2 டயாப்டர் உள்ளவரிடம் இந்தச் சமரசம் செல்லாது. அவருக்கு அச்சு பத்துப் பாகை பிசகினாலே தரை சாய்ந்தது போலத் தெரியும். தேவைக்கு மேற்பட்ட மைனஸ் பவரைக் கொடுப்பதைவிடச் சற்றுக் குறைவாகக் கொடுப்பது மேல் என்பதும், ஒரு கண்ணுக்குச் சரியாகவும் மறு கண்ணுக்கு முற்றிலும் தவறாகவும் இருக்கும் கண்ணாடியைத் தொடவே கூடாது என்பதும் பொதுவான நெறிகள். இப்படித் தேர்ந்த கண்ணாடியை அணிவித்துச் சற்று நடக்கச் சொல்லி, படியில் ஏறி இறங்கச் சொல்லி, தூரத்தையும் கைத்தொலைவையும் பார்க்கச் சொல்லிய பிறகே ஒப்படைக்க வேண்டும். காதுக்குப் பின்னால் கம்பியை வளைத்து விடுவதும் மூக்குப் பட்டையைச் சரிசெய்வதும் சில நிமிட வேலைதான். கண்ணாடி அணியப்படுமா, மீண்டும் இன்னொரு இழுப்பறைக்குள் போகுமா என்பதை அந்தச் சில நிமிடங்கள் தீர்மானிக்கின்றன.

தோற்றத்தையும் இதே அக்கறையோடு பார்க்க வேண்டும். இலவசமாகப் பெறுபவர் எந்தப் பிரேமைக் கொடுத்தாலும் மகிழ்வார் என்று நினைப்பது தவறு. ஒரு வாலிபருக்கு முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய பெண்கள் பிரேமைக் கொடுத்தால், பவர் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் அவர் அதை வெளியில் போட்டுக்கொள்ள மாட்டார். இரண்டு மூன்று கண்ணாடிகளை முன்வைத்து, முகம் பார்க்கும் கண்ணாடியில் பார்த்துத் தேர்ந்துகொள்ளச் சொல்வது கூடுதல் செலவில்லாத மரியாதை.

குறை சொல்பவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு

பார்வையிழப்புத் தடுப்பில் ஈடுபடும் அமைப்புகளின் பன்னாட்டுக் கூட்டமைப்பு, தன் உறுப்பினர்கள் பழைய கண்ணாடிகளைத் திட்டங்களில் பயன்படுத்த வேண்டாம் என்றே அறிவுறுத்துகிறது. நல்லெண்ணத்தோடு கண்ணாடி சேகரிப்பவர்களுக்கு இது கேட்கக் கசப்பாக இருக்கும்; ஆனாலும் காரணங்களைப் புரிந்துகொள்ள வேண்டும். 2012 இல் வெளியான ஓர் ஆய்வில், நன்கொடையாக வந்த 275 கண்ணாடிகளை எடுத்துச் சோதித்தபோது 7 விழுக்காடு மட்டுமே கொடுக்கத்தக்கவையாக இருந்தன. சேகரித்தல், சலித்தல், கழுவுதல், அளத்தல், அனுப்புதல் ஆகிய எல்லாச் செலவையும், தன்னார்வலர்களின் நேரத்தின் மதிப்பையும் சேர்த்துப் பார்த்தால், ஒரு பழைய கண்ணாடியை ஒருவரிடம் கொண்டுசேர்க்க ஏறத்தாழ 20 அமெரிக்க டாலர் ஆனது. ஆயத்தமாகக் கிடைக்கும் புதிய கண்ணாடியைக் கொடுக்க அதில் பாதிகூட ஆகவில்லை.

பண விஷயத்துக்கு அப்பாலும் காரணங்கள் உள்ளன. சில நாடுகள் பயன்படுத்திய கண்ணாடிகளை உள்ளே கொண்டுவர அனுமதிப்பதில்லை. வெளியிலிருந்து வரும் குழு ஒரு வாரம் இலவசமாகக் கொடுத்துவிட்டுப் போனால், அங்கேயே கடை வைத்துப் பிழைக்கும் கண்ணாடித் தொழிலாளியின் வருமானம் அடிபடுகிறது. அந்தக் கடை மூடப்பட்டால், முகாமில் பெற்ற கண்ணாடி உடையும்போது பழுது பார்க்கவும் ஆள் இருக்காது. குழந்தைகள் விஷயத்தில் எச்சரிக்கை இன்னும் கூடுதலாகத் தேவை. வளரும் பருவத்தில் ஒரு கண்ணுக்குத் தொடர்ந்து மங்கலான பிம்பமே கிடைத்தால், மூளை அந்தக் கண்ணைப் பயன்படுத்தப் பழகாமலே விட்டுவிடும். சோம்பல் கண் எனப்படும் இந்நிலையைப் பின்னால் சரிசெய்வது கடினம். ஆகவே குழந்தைக்கு “ஏறக்குறைய பொருந்தும்” கண்ணாடி என்ற பேச்சுக்கே இடமில்லை. அவர்களுடைய பவருக்கென்றே அறுத்த புதிய லென்ஸ் வேண்டும்.

இவற்றையெல்லாம் எடைபோட்டுப் பார்த்தால் பழைய கண்ணாடிக்குரிய இடம் சிறியது, ஆனால் உண்மையானது என்றே நான் கருதுகிறேன். வெள்ளெழுத்துக்கு, பிளஸ் 1 முதல் பிளஸ் 3 வரையிலான புதிய ஆயத்தக் கண்ணாடிகளே மேலானவை. மலிவானவை, கீறல் இல்லாதவை, இரு கண்ணுக்கும் ஒரே பவர் போதும். மைனஸ் 8 அல்லது மைனஸ் 10 போன்ற அதிகப் பவர் தேவைப்படும் பெரியவர்களின் நிலை வேறு. அத்தகைய பவர்கள் ஆயத்தக் கண்ணாடிகளில் கிடைப்பதில்லை. தனியாக அறுத்துச் செய்ய விலையும் நாளும் கூடும். சற்றுத் தள்ளி நீட்டிய விரல்களைக்கூட எண்ண முடியாத ஒருவருக்கு, கண்மணித் தூரமும் சரியாக அமைந்த ஓர் அதிகப் பவர் கண்ணாடி இருப்பில் அகப்பட்டால், அது முழுமையாகப் பொருந்தாவிட்டாலும், சொந்தக் கண்ணாடி தயாராகி வரும்வரை அவரைத் துணையின்றி நடமாட வைக்கும். பெரும் அளவில் கண்ணாடி சேகரிக்கும் மையங்கள் அதிகப் பவர் கண்ணாடிகளைத் தனியே பிரித்து வைப்பது இதனால்தான் பயனுள்ளது.

சேகரித்தவற்றில் கொடுக்கத் தகாதவை என்ன ஆகும் என்ற கேள்வியும் எழும். பிளாஸ்டிக் லென்ஸ்களில் மிகப் பரவலான சிஆர்-39 என்ற வகை, ஒருமுறை இறுகிய பின் உருகாத பொருள். அதை உருக்கி வேறொன்றாக வார்க்க முடியாது. பாலிகார்பனேட் உருகும், ஆனால் பூச்சுகள் தடையாகின்றன. உலோகப் பிரேம்களை உலோகக் கழிவு வாங்குபவர்களிடம் விற்க முடியும். தங்கம் பூசிய பழைய பிரேம்களில் இருக்கும் விலையுயர்ந்த உலோகத்தை விற்று, அந்தப் பணத்தில் புதிய கண்ணாடி வாங்கிக் கொடுத்த அமைப்புகளும் உண்டு. நல்ல நிலையிலுள்ள பிரேமில் பழைய லென்ஸைக் கழற்றிவிட்டுப் பெறுபவருக்கென்றே புதிய லென்ஸை அறுத்துப் போடுவது இன்னொரு வழி. என் பார்வையில் ஆப்டீசியனின் திறமை முழுமையாகப் பயன்படுவது இங்கேதான்: பிரேமின் விலை மிச்சமாகிறது, பவரில் எந்தச் சமரசமும் இல்லை, குழந்தைகளுக்கும் கொடுக்கலாம்.

கொடுப்பவரும் செய்பவரும் கவனிக்க வேண்டியவை

வீட்டில் பழைய கண்ணாடி வைத்திருப்பவர் அதைப் பெட்டியில் போடுவதற்கு முன் வெளிச்சத்தில் பிடித்து லென்ஸின் நடுப்பகுதியைப் பார்க்கட்டும். அங்கே கீறல் தெரிந்தால் அதைக் கொடுப்பதால் பயனில்லை. வேறொருவர் அதை எடுத்துப் பார்த்துக் கழிக்கும் நேரம்தான் வீணாகும். நன்றாக இருந்தால் கழுவித் துடைத்து, கடினமான உறையில் போட்டு, பவர்ச் சீட்டு கையிலிருந்தால் பெயரைக் கிழித்துவிட்டு எண்களை மட்டும் உடன் வைக்கலாம். வெயில் கண்ணாடிகளும் பயன்படக்கூடியவை. கண்புரை அறுவை சிகிச்சை முடிந்தவர்களுக்கு அவை கூச்சத்தைத் தணிக்கும். கண்ணாடியோடு ஒரு சிறு தொகையும் கொடுக்க முடிந்தால், புதிய லென்ஸ் அறுப்பதற்கு அது நேரடியாக உதவும்.

தன்னார்வலராகச் சேர விரும்பும் ஆப்டீசியன் முதலில் கேட்க வேண்டியது, அந்த முகாமில் கண்களைச் சோதிக்க உரிமை பெற்றவர் இருக்கிறாரா, நோய் தென்பட்டவர்களை அனுப்புவதற்கு மருத்துவமனை ஏற்பாடு இருக்கிறதா என்பதைத்தான். இரண்டும் இல்லையென்றால் அங்கே லென்சோமீட்டரை எடுத்துச் செல்வதில் பொருளில்லை. இருந்தால், அங்கேயே நிரந்தரமாக இருக்கும் ஒருவருக்கு அளக்கவும் பிரேமை வளைக்கவும் பழுதுபார்க்கவும் கற்றுக்கொடுப்பதை முகாம் வேலையின் ஒரு பகுதியாக வைத்துக்கொள்ளலாம். உலக சுகாதார அமைப்பு 2024 இல் தொடங்கிய ஸ்பெக்ஸ் 2030 என்ற முயற்சியும் பார்வைச் சேவைகளை மக்கள் எட்டக்கூடியவையாக ஆக்குவதையும், அவற்றை வழங்கும் பணியாளர்களைப் பெருக்குவதையும் தன் நோக்கங்களில் சேர்த்திருக்கிறது. கண்ணாடி பெற்ற ஒவ்வொருவரிடமும் அவருடைய பவர் எழுதிய சீட்டு ஒன்றையும் கொடுத்தனுப்ப வேண்டும். கண்ணாடி உடைந்தாலோ தொலைந்தாலோ, அந்தச் சீட்டைக் காட்டி அருகிலுள்ள எந்தக் கடையிலும் அவர் புதிதாகச் செய்துகொள்ளலாம்.